நம்ம ஆள்

...சொல்ல மாட்டேன், தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன், அந்தப் பெண் பேசியது தன்னோடு போகட்டும் என்று முனகிக்கொண்டே பதிவாளர் அறைக்குப் படியேறினாள் அவள். பல்கலைக்கழகத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஆன்மிக ஆலோசகர், எல்லாச் சாமிக்கும் சேத்து ஒரே கவுண்டர் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்யட்டும், மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி, தனக்கு?... நேற்று பிரார்த்தனை அறையில், சுருட்டிய பாய்களுக்கும் அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதாளே, "கண்ணை மூடிக் கும்பிட்டா அங்க யாருமே இல்ல மேடம், அப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்றாளே, தான் செய்ததெல்லாம் தண்ணீர் பாட்டிலை நீட்டியதுதான், அதுவும் ஆலோசனையா? இருக்கட்டும், அவளுக்குப் பேச ஓர் இடம் கிடைத்தது, அதை யாரும் பிடுங்க முடியாது.

உள்ளே நுழைந்ததும் அந்த அப்பா எழுந்து நின்றார், கசங்கிய சட்டை, பயணக் களைப்பு, தன் மதத்துக்காரர்தான். மகள் வழிபாடு எதற்கும் வருவதில்லையாம், போனில் மழுப்புகிறாளாம், உண்மை தெரியாவிட்டால் படிப்பை நிறுத்திக் கூட்டிப்போய்விடுவாராம். சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, வீண் பிடிவாதம் எதற்கு, உங்கள் பதவி நீட்டிப்பும் என் மேஜையில்தான் இருக்கிறது என்று பதிவாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பா அது, கத்திக்கு உறை.

"நீங்க நம்ம ஆளும்மா. நம்ம ஆள்கிட்டயே மறைப்பீங்களா?" என்றார் அந்த அப்பா.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நம்ம ஆளாம்.

"இந்த வேலைல எனக்கு நம்ம ஆள்னு யாரும் கிடையாதுங்க. உங்க பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு அவகிட்டயே கேளுங்க. வேலையை எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்குங்க சார், பதில் இதுதான்."

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள், நெஞ்சு நிமிர்ந்திருந்தது, போனால் போகட்டும் வேலை... போன மாதம் வேறு மதத்து அம்மா ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றி இதே கேள்வியோடு வந்தாள், அவளிடமும் வாயைத் திறக்கவில்லையே, ஆனால் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டல்லவா மறுத்தோம், அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றிகூடச் சொன்னாள். இவரை உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஏன்? யாரும் நம்ம ஆள் இல்லை என்றால் இவரிடம் மட்டும் எதற்கு அத்தனை கோபம், அந்நியரிடம் அப்படிக் கோபம் வருமா... பாதிப் படியில் நின்றாள். மேலே கதவு இன்னும் திறக்கவில்லை. அந்த அப்பா நின்றுகொண்டேதான் இருப்பார்.