பந்தைப் பார்க்காத மேனேஜர்

என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் விற்ற கையோடு ஒரு கூடைப்பந்து அணியை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால்கூட ‘தொலைநோக்கு’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

அணிக்கு ஆள் பொறுக்க ஒரு மேனேஜரை வைத்தார். அந்த மனிதரோ, புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்த ‘ராக்கெட்’ என்ற ஆட்டக்காரனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டு, யாரும் கேள்விப்படாத மூன்று பேரைக் கூட்டிவந்தார். அதில் ஒருவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘பீரோ’. அவன் பந்தைக் கூடைக்குள் போட்டு யாரும் பார்த்ததில்லை.

“மாப்ளே, இன்னிக்கு அந்தாளு பக்கத்துல உக்காந்து பாரு. ஆட்டம் முடிஞ்சதும் ஒரே வார்த்தை. வெச்சுக்கலாமா, அனுப்பிரலாமா?”

“எனக்கென்ன அத்தான் தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. ஆனா பத்திரிகையில இத்தனை வருஷமா ஒருத்தனையாவது நல்லவன்னு எழுதியிருக்கியா? அதான் உன்னை நம்புறேன்.”

வாய் நிறைய நக்கலோடு போனேன். மேனேஜர் சட்டையெல்லாம் பிஸ்கட் தூள். பந்து இடப்பக்கம் இருக்க, அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், பந்து அங்க இருக்கு.”

“இருக்கட்டும். அதைப் பாக்கத்தானே இவ்ளோ பேர் டிக்கெட் வாங்கியிருக்காங்க?” என்றவர், “உங்க அத்தான் எதுக்கு அனுப்பினார்னு தெரியும். பீரோவை மட்டும் பாருங்க. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க” என்றார்.

பார்த்தேன். நம் அணிக் குள்ளன் ஒருவன் பந்தோடு ஓட, அவனைத் துரத்தி வந்தவனின் வழியில் பீரோ அசையாமல் நின்றான். துரத்தியவன் முட்டிக்கொண்டான், குள்ளன் தனியாகப் போய்ப் பந்தைப் போட்டான். அரங்கம் குள்ளனுக்குக் கைதட்டியபோது பீரோ அங்கே இல்லை. ஆபத்து அடுத்து வரப்போகிற இடத்தில் நின்றிருந்தான். அவன் விட்டுவந்த இடத்தை இன்னொருவன் நிரப்பியிருந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஐந்து பேர் ஒரே மூச்சில் விரிந்தார்கள், சுருங்கினார்கள். நக்கலடிக்கத் திறந்த வாய் எனக்குத் திறந்தபடியே இருந்தது.

“இது கோச் சொல்லிக் குடுத்ததா?”

“கொஞ்சம். மிச்சம், இப்படிப்பட்ட ஆளுங்களா தேடிப் பிடிச்சது. ராக்கெட் நல்ல பையன்தான். ஆனா பந்து கையில இல்லேன்னா இடுப்புல கை வெச்சுட்டு நின்னுருவான். பத்து பேர் ஆடுற ஆட்டத்துல முக்கால்வாசி நேரம் பந்து அடுத்தவன் கையிலதானே இருக்கும்?”

ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நொடிகளில் அரங்கமே எழுந்து நின்றது. குள்ளன் பந்தோடு ஓட, பீரோ துரத்திய எதிராளியின் குறுக்கே நின்று, முட்டுப்பட்டுத் தரையில் சாய்ந்தான். மேனேஜர் கையிலிருந்த பிஸ்கட் நொறுங்கியது. மணி அடித்தது. பீரோ எழுந்து, தன்மேல் விழுந்தவனையும் தூக்கிவிட்டான். நான் அவனுக்கு மட்டும் கைதட்டினேன்.

அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார். “சொல்லு மாப்ளே!”

“வெச்சுக்கோங்க. போறேன்னு சொன்னாலும் காலைப் பிடிச்சு வெச்சுக்கோங்க.”

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஜெயிச்சுட்டோம்ங்கறதுக்காகச் சொல்றியா?”

“ஜெயிச்சுட்டோமா?” என்றேன்.

மேனேஜரும் அதே ஆவலோடு அத்தான் முகத்தைப் பார்த்தார்.