கூரையில் காய்ந்த நெத்தலி

என் கணவர் ரிஷிகேசன் தாலி கட்டியது எனக்கு. தடவிக் கொடுப்பது அந்தக் கேம்பர் வானை. டோஹாவில் உழைத்து வாங்கியது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் பூட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகச் சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

முதல் வாடகை சரிவராவிட்டால் திரும்பவும் டோஹாதான் என்று சொல்லிவிட்டார். அலுமாரிக்கு மேலே அவருடைய பயணப்பெட்டி துடைத்துத் தயாராக இருந்தது. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாணம் கட்டியதிலிருந்து புருசனைவிட அவருடைய போன் படத்தோடுதான் நான் கூடக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து ஓர் இளம் சோடி நிலாவெளிக் கடற்கரைக்குப் போக வருகிறது என்றதும் மனுசன் வானைக் கழுவத் தொடங்கினார். அதற்கும் ஆயிரம் சட்டம். மேலிருந்து கீழே கழுவ வேண்டும். வெயிலில் நுரை காய்ந்தால் கறை பிடிக்கும், ஆகவே நிழல் வேண்டும். யன்னலையும் காற்றுத் துவாரத்தையும் பூட்ட வேண்டும். ரப்பர் விளிம்புகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மாமி இரத்தினேஸ்வரி ஆசையோடு தும்பும் சாம்பலும் கொண்டுவந்து நீட்ட, அலறிவிட்டார்.

"அம்மா, இது சட்டி இல்லை!"

"சட்டியைவிட ஊத்தையாக் கிடக்கு" என்றார் மாமி.

முதல் நாள் பின்னேரம் ஏணியில் நின்றபடியே நீளப் பிடி பிரஷ்ஷால் கூரையைத் தேய்த்து முடித்தார். மறுநாள் காலை காஸ் சிலிண்டர் வாங்க டவுனுக்குப் போனார். திரும்பி வந்து, வானை வேப்பமரத்தடிக்கு எடுத்து, பக்கங்களைக் கழுவினார். பளபளவென்று வந்தது. ஆனால் கழுவக் கழுவ ஒரு வாசமும் கூடிக்கொண்டே வந்தது. கடற்கரை ஊரில் வாசத்துக்கா பஞ்சம் என்று நானும் என் வேலையைப் பார்த்தேன்.

பிறகு ஒரு காகம் கூரையில் வந்து இறங்கியது. அதன் பின்னால் அதன் சொந்தபந்தம் முழுக்கப் பந்திக்கு வந்தது.

"சூ! சூ! என்ரை நெத்தலி!" என்று குசினிக்குள்ளிருந்து மாமி அகப்பையோடு ஓடிவந்தார்.

எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாய் ஏறாது, மண் ஒட்டாது, வெள்ளை வெளேரெண்டு கழுவிக் கிடந்துது. அதுதான் காயப் பரப்பினனான்" என்றார் மாமி.

"இந்த வயசில ஏணியில ஏறினீங்களோ அம்மா?"

"நீதானே ஏணியைச் சாத்திவைச்சிட்டுப் போனனீ!"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொழும்புச் சோடி கப்பல்துறையைத் தாண்டிவிட்டதாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுமாம்.

மனுசன் சவர்க்கார நுரை அப்பிய செருப்போடு ஏணியில் பாய்ந்து ஏறினார். பாதியில் கால் வழுக்கியது. ஒரு செருப்பு வாளிக்குள் விழுந்தது. அவர் ஏணியைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். நான் ஓடிப்போய் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சு அடித்த அடி மாமிக்கே கேட்டிருக்கும்.

"இறங்குங்கோ! விழுந்து காலை முறிச்சா டோஹாவுக்கும் ஏலாது, நிலாவெளிக்கும் ஏலாது. சட்டமெல்லாம் வானுக்கு மட்டுந்தானோ?"

இறங்கி, காலைத் துடைத்து, காய்ந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறினார். இந்தமுறை நான் ஏணியைப் பிடித்தேன். கூரையில் கால் வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே பிரஷ்ஷால் நெத்தலியை விளிம்புக்கு இழுத்தார்.

"எதுக்குள்ள போடுறது? பேசின் எல்லாத்திலயும் நுரைத் தண்ணி!" என்று மாமி கத்தினார்.

மாமியிடம் ஏணியைக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குள் ஓடினேன். கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்து கீழே விரித்து வைத்தேன். நெத்தலி மழை பெய்தது. மூடியை அடித்துப் பூட்டிப் பின்வளவில் ஒளித்தேன். கூரையை மறுபடியும் கழுவி, வழிந்ததைத் துடைத்து நிமிரவும் படலையில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அந்தப் பெண் வானைச் சுற்றி வந்து மூச்சை இழுத்து விட்டாள். நான் மாமியைப் பார்த்தேன்.

"ஆஹா, என்ன மாதிரிக் கடல் வாசம்!" என்றாள்.

மாமி தலையைத் திருப்பிக்கொண்டார். வான் வெள்ளைவெளேரென்று நிலாவெளிப் பக்கம் போனது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் தன் சிநேகிதிக்கும் அடுத்த மாதத்துக்கு அதே வான் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாள். அதை வாசித்துக் காட்டிய மனுசனின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் அலுமாரிக்கு மேலே பார்த்தார். அங்கே பெட்டி இல்லை. பின்வளவுக்குப் போனார். பயணப்பெட்டியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார்.

"லக்சாயினி, குசினிக்குள்ள பெரிய ஓலைக் கடகம் வெறுமையாக் கிடந்ததெல்லோ?"

"ஓம்" என்றேன். "கண்டனான்."