நாய்க்கு வசனம் கிடையாது

1

இதை முதலில் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய மேடை நாடகங்களில் நாய்க்கு என்ன வேலை என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். 'நாய்க்கு வசனம் கிடையாது. அதனால் அது வசனத்தை மறப்பதும் கிடையாது' என்று ஜோராகத் தொடங்கினேன். கோமாளி தொண்டை கிழியக் கத்தி வாங்கும் சிரிப்பை நாய் ஒரே கொட்டாவியில் வாங்கிவிடும் என்பது அடுத்த வரி. அதற்குமேல் சரக்கு இல்லை. (சரக்கு தீர்ந்தால் கதை எழுதுவது என் வழக்கம்.)

2

ராஜா இறந்துகிடந்தார். அவருடைய நாய் கண்ணீர்—

இல்லை. நாய் அழாது. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

பல வருடங்களாக ஈட்டி பிடித்த காவலாளியாகவே மேடையோரம் நின்ற ஒரு நடிகர். வழக்கமான ராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இன்று ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இவருக்கு ராஜா வேஷம். மனைவி முதல்முறையாகப் பார்க்க வருகிறாள். ஈட்டி பிடிப்பதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று இத்தனை நாளும் இவரேதான் தடுத்துவந்தார். ஒரு தடவையாவது அவள் கண்ணுக்கு ராஜாவாகத் தெரிய வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை இல்லை.

(பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரே ஒரு நாள் ராஜாவாகிறவரை ராஜா என்றே கூப்பிடுவோம், நமக்கென்ன நஷ்டம்?)

3

கடைசிக் காட்சியில் தளபதி குத்த, ராஜா சாக வேண்டும். நாய் ஓடிவந்து அவர் மார்பில் தலைவைத்துப் படுக்க வேண்டும். நாய் டிக்கெட் கிழிப்பவருடையது. அதற்கு விசுவாசமெல்லாம் வயிற்றில்தான். அதனால் ராஜாவின் மார்புக் கவசத்துக்குள் ஒரு பிஸ்கட் வைப்பது வழக்கம்.

"ஒண்ணு போதும்ணே. அதுக்கு மேல எதுவும் வைக்காதீங்க" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"இன்னைக்கு வீட்டுல வர்றாங்கப்பா. நாய் கொஞ்சம் கூடவே துக்கப்படட்டுமே" என்று ராஜா கவசத்தின் கழுத்தோரம் வெண்ணெயை அப்பிக்கொண்டார்.

ஆசை யாரை விட்டது? விளக்குச் சூட்டில் வெண்ணெய் உருகும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

4

குத்து விழுந்தது. ராஜா மல்லாந்தார். வெண்ணெய் உருகி வழிந்து இடது காதுக்குள் போனது. ஓடிவந்த நாய் மார்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காதை நக்க ஆரம்பித்தது.

அரங்கமே சிரித்து உருண்டது. கொன்ற தளபதியே முதுகைக் காட்டி நின்று தோள் குலுங்கினார்.

ராஜா மட்டும் அசையவில்லை. ஒரு விரல், ஒரு புருவம்? ஊஹும்.

முன்வரிசையில் மனைவியும் சிரிக்கவில்லை. அந்தக் காதைப் பற்றி உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தலை சீவிவிடும்போது சீப்பின் நுனி பட்டாலே "ஐயோ கூசுது, விடு விடு" என்று கட்டிலைச் சுற்றி ஓடுகிற மனுஷன். அவர் இப்போது நாய் நக்க நக்கச் செத்துக்கிடக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையில்தான்.

5

முடிவு ஒன்று: நாய் தானாகவே போய் மார்பில் படுக்கிறது, அரங்கம் அழுகிறது. (பிஸ்கட் உள்ளேதானே இருக்கிறது, நடக்கக்கூடியதுதான். ஆனால் எழுதும் எனக்கே கூசுகிறது.)

முடிவு இரண்டு: ராஜா எழுந்து நாயை ஒரே உதை— வேண்டாம். இவ்வளவு பாடுபட்டுச் செத்தவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கையிலேயே திரை விழுந்துவிட்டது. ராஜா கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நிற்கிறார். இடது காது இன்னும் பளபளக்கிறது.

"மானம் போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, இல்ல?"

அவள் கைக்குட்டையை எடுத்துக் காதருகே கொண்டுபோகிறாள். "ஏய், கூசுது!" என்று ராஜா துள்ளி இரண்டு படி தாவுகிறார்.

இனி அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாமே நாடக வசனமாகவே வந்தது. அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள், வலது காதுப் பக்கமாக.