உள்ளே கிடந்த நிறம்

கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ரோலக்காவுக்குக் கோபம் வரவழைப்பது ரொம்பச் சுலபம். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும், பெண்ணின் கையிலிருக்கும் ரோஜா மட்டும் சிவப்பாகத் தெரியட்டும் என்று யாராவது கேட்டால் போதும். "ரோஜாதான் வேணும்னா பூக்கடைக்குப் போங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். இப்படிப் பேசியே பாதி வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டாள் என்று அவளுடைய தம்பி இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வான். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கறுப்பு வெள்ளை விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நிறம் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இருக்கட்டும். வேண்டாமா, எதற்கும் வேண்டாம். நடுவில் நின்றுகொண்டு கண்ணடிக்கிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது.

ரோலக்கா என்பது ஆஸ்பத்திரி நர்சுகள் வைத்த பெயர். உலகம் முழுக்க டிஜிட்டலுக்குப் போன பிறகும் பையில் ஃபிலிம் ரோலோடு வந்து நிற்பாள் என்பதால் வந்த பெயர். பிரசவ வார்டின் கடைசி அறைக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். பிறக்கும்போதே உயிரில்லாத குழந்தைகளை அங்கே கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். பெற்றவர்கள் கேட்டால் ரோலக்கா போய்ப் படம் எடுத்துக் கொடுப்பாள். அந்த அறைக்குள் மட்டும் அவளுடைய வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அந்த அறைக்கு நிறம் ஆகாது. அந்தப் பிள்ளைகளின் உடம்பு நீலம் பாரித்துக் கிடக்கும், உதடு கன்றிப்போயிருக்கும், சில இடங்களில் தோல் வழன்றிருக்கும். கறுப்பு வெள்ளையில் அதெல்லாம் அடங்கி, அசந்து தூங்குகிற பிள்ளையாகத் தெரியும். டிஜிட்டல் கேமராவிலும் கறுப்பு வெள்ளை எடுக்கலாம், யார் இல்லை என்றது. ஆனால் அந்தக் கேமரா வெளியே கறுப்பு வெள்ளையைக் காட்டிவிட்டு உள்ளே நிறத்தையும் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்ளும். ஃபிலிமுக்கு அந்தக் கள்ளத்தனம் தெரியாது. அவள் வாங்குகிற ஃபிலிமுக்கு நிறம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தவிர, ஃபிலிம் கேமராவுக்குப் பின்பக்கம் திரை கிடையாது. எடுத்த கையோடு யாரும் எட்டிப் பார்த்து மனசு உடைந்துபோக வழியில்லை. அதனால் அந்த அறைக்கு ஃபிலிம்தான் என்பது அவளுடைய கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு தடவை பொய்த்துவிட்டது. ரோலின் நுனி உள்ளே இருக்கிற சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போனாள். கேமராவில் எண் ஓடியது, ஃபிலிம் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் ரோல் முழுக்க வெறும் கண்ணாடி, ஒரு படமும் இல்லை. அதற்குள் குழந்தையை அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தத் தாயிடம் போய்ச் சொன்னபோது அவள் திட்டவில்லை, "பரவாயில்லைக்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரோலக்கா அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாள். அதற்கு அப்புறம்தான் ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு பேருந்து ஓட்டுநரின் குழந்தைக்காக வார்டின் பெரிய சிஸ்டர் கூப்பிட்ட அன்று இரண்டு கேமராவும் பையில் இருந்தன. ஆண் குழந்தை. அம்மா அறுவை சிகிச்சையில் ஏகப்பட்ட ரத்தம் இழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் கண் விழிக்கும்வரை குழந்தையை வைத்திருக்க முடியாது, இந்தப் படம்தான் அவள் பார்க்கப்போவது என்று பெரிய சிஸ்டர் சொன்னார். ரோலக்கா நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கேமராவையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஃபிலிமில் எடுத்தால் நிறம் என்ற பேச்சே இல்லை. ஆனால் சக்கரம் மறுபடி ஏமாற்றினால் பெற்றவளுக்கு ஒன்றுமே இல்லை. டிஜிட்டலில் எடுத்தால் படம் உண்டு, நிறமும் அதன் வயிற்றுக்குள் உண்டு. கடைசியில் பயம்தான் ஜெயித்தது. டிஜிட்டலை எடுத்துக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஓட்டுநர் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தார். பிஞ்சுக் கால்களை, விரல்களை அவள் முதலில் எடுத்தாள். பிறகு அவர் ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணியை விலக்கிவிட்டு, தன் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். பெரிய ஸ்டியரிங்கை அநாயாசமாகத் திருப்புகிற கைகள் அந்தச் சின்ன முடிச்சுக்குத் தடுமாறின. கேமராத் திரையில் எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. ரோலக்காவும் அந்த நேரத்தில் வெளிச்சத்தை மட்டும்தான் பார்ப்பாள். அந்தத் துணி என்ன நிறம் என்று வாசலில் வைத்து யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. முடிந்ததும், கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று ஓட்டுநர் கேட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிட்டு அனுப்பினாள். நிறப் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட உட்கார்ந்தாள், கை வரவில்லை. அந்தப் பையன் இந்த உலகத்தில் கொஞ்ச நேரம் இருந்ததற்கு அதுவும் சாட்சிதானே என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகு ஒரு நாள் மதியம் ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள், கைப்பக்கமெல்லாம் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தையல் கடை வைத்திருப்பதாகவும் ஓட்டுநரின் மனைவி என்றும் சொன்னாள். படத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, அதன் மேல் தூசி இல்லாவிட்டாலும் ஒரு தரம் துடைத்தாள்.

"இவன் என்ன நிறம்க்கா?"

ரோலக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தையல்காரி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கணவரிடம் கேட்டால் "உன்ன மாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். அந்த மனிதர் வீட்டில் இருப்பதையே குறைத்துக்கொண்டார், அடுத்தவர்களுடைய ஷிஃப்டையும் தானே வாங்கி ஓட்டுகிறார். இப்போது கடைக்குத் துணி தைக்க வந்த ஒரு பெண், டிஜிட்டல் கேமராவாக இருந்தால் நிறம் உள்ளேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அதான் வந்தேன் என்றாள்.

ரோலக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லி அடி வாங்கித்தான் பழக்கம். ஆனால் அன்றைக்கு அலமாரியைத் திறந்து பழைய ஃபிலிம் கேமராவை எடுத்து மேஜையில் வைத்தாள். இதில்தான் எடுத்தேன், இதற்குள் நிறமே போகாதும்மா என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

தையல்காரி கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ஃபிலிம் இருக்கும்ல. அதக் குடுத்துடுங்கக்கா."

ரோலக்கா தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அந்த ரூம்ல இருந்தீங்க. அவர் இருந்தாரு. அந்த ஃபிலிமும் இருந்திருக்கு. நான்தான் இல்ல" என்றாள் தையல்காரி. படத்தில் பிள்ளையைச் சுற்றியிருந்த சாம்பல் துணியை விரலால் தொட்டாள். "ஆஸ்பத்திரித் துணியில சுத்தித்தான் அனுப்பியிருக்காங்க. என்னோடதுன்னு ஒரு நூல்கூட அவனோட போகல. அவன் பக்கத்துல இருந்த ஏதாவது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்க்கா."

ஒரு கணம் ரோலக்காவின் புத்தி கெட்ட வழிக்குப் போயிற்று. இந்த அச்சுப் படத்தையே ஃபிலிமில் படம் பிடித்துக் கழுவிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. பெற்றவள் அந்த வெறும் நகலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அதை நினைத்ததும் உடம்பு கூசியது.

"ஃபிலிம் இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நிறம் இருக்கிறது, ஆனால் அது நீ நினைக்கிற நிறம் இல்லை, அம்மா நிறமும் இல்லை அப்பா நிறமும் இல்லை, வயிற்றுக்குள்ளேயே உயிர் போன பிள்ளையின் நிறம், பார்த்துவிட்டால் மறக்க முடியாது என்று உடைத்தே சொன்னாள்.

தையல்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் பெத்தவ. எனக்கு என்ன பயம். காட்டுங்க."

ரோலக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதலில் வந்தது துணி சுற்றாத படம். நீலம் ஓடிய பாதங்கள், கன்றிய விரல்கள். ரோலக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பாவத்தை நானே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேனே, அன்றைக்கே ஃபிலிமில் எடுத்திருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டாள். பக்கத்தில் அலறல் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தையல்காரி தன் உள்ளங்கையைத் திரையில் அந்தப் பாதங்களின் மேல் அழுந்த வைத்திருந்தாள். கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை.

"குளிருல கெடந்த மாதிரி இருக்கான்" என்றாள்.

ரோலக்கா அடுத்த படத்துக்குப் போனாள். ஓட்டுநர் துணி சுற்றிய பிறகு எடுத்த படம்.

துணி பச்சையாக இருந்தது. நல்ல இலைப்பச்சை. ஓரத்தில் சிவப்பு நூலில் நெருக்கமாக ஒரு தையல், பிள்ளையின் தாடைக்குக் கீழே வளைந்து, மூடிய கைக்கு அடியில் போய் மறைந்தது. கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்து, தையல் இருந்த தடமே இல்லாமல் போயிருந்தது.

தையல்காரி நாற்காலியை முன்னால் இழுத்தாள். விரல் அந்தத் தையலின் மேலேயே போனது. தையல் கடை போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் கைவேலை தெரியாதா.

"இது என் சால்வை" என்றாள். "இவன் வயித்துல இருக்கும்போது ஓரம் அடிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இதத்தான் போத்தியிருந்தேன்."

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சால்வையைத் தேடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எங்கேயோ விழுந்துவிட்டது என்றிருக்கிறார் கணவர். அவளுக்கு வந்ததே கோபம். ஒரு துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத மனுஷன் என்று வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். பிள்ளை போன துக்கத்தையெல்லாம் அந்தச் சால்வையை வைத்துத்தான் அவர் தலையில் கொட்டியிருக்கிறாள், ஒரு நாளா இரண்டு நாளா. மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறார், ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

"அவனோட அனுப்பிட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். அதை இங்கே இல்லாத அந்த மனிதரிடம்தான் கேட்டாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். ரோலக்கா அவளுடைய முதுகில் கை வைத்தபடி நின்றாள். அன்றைக்குத் தன்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவர் பிள்ளையோடு தனியாக இருந்ததைச் சொன்னாள். அதுவும் தையல்காரிக்குத் தெரிந்திருக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். மேஜையிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முகம் இதுல இருக்கற மாதிரியே இருக்கட்டும்க்கா. தூங்கற மாதிரி இருக்கான். சால்வைக்கு மட்டும் நிறம் வெக்க முடியுமா?"

ரோலக்கா பூக்கடைப் பேச்சை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் செய்யாத வேலை, பழகாத கை. படத்தைப் பெரிதாக்கி, பச்சையைத் துணியில் மட்டும் விட்டு, தோலில் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் விரல் இடுக்குகளில் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோனாள். நிழல் விழுந்த இடத்தில் தையல் எங்கே போகிறதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள். இங்கே ஒரு மடிப்பு, அதற்கு அடியில் உள்வாங்கிப் போகும், மூலையில் மட்டும் ரெண்டு தரம் அடித்திருப்பேன் என்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஓரத்தை முடிக்கும்போது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

அச்சுப் படம் வெளியே வந்ததும் தையல்காரி அதை ஓரங்களில் மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவரிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று ரோலக்கா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கேக்கவும் மாட்டேன். அவர் சாப்பிட உக்கார்ற எடத்துக்கு எதுத்தாப்ல மாட்டிடுவேன்" என்றாள் தையல்காரி. "சால்வை கெடச்சிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்க்கா."