தட்டில் கீறிய எண்

பூவரச மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கிய மைக் செட் வரதன், இசைத்தட்டை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே வந்தான். வீட்டுக்குள்ளே யேசுதாஸ் சவப்பெட்டியில் கிடந்தார். கவரைப்பேட்டை அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அக்கா, அண்ணன் எய்துன பாட்டையே போட்றேன்" என்றான் வரதன்.

மனைவி ரோசம்மாள் தலையாட்டினாள். ஊசி இறங்கியது. இழுத்து இழுத்துப் பாடும் சோகப் பாட்டு.

"எந்தம்பி தன் சாவுக்குத் தானே பாட்டு எய்தி வச்சிக்கினு போயிட்டானே!" என்று யேசுதாஸின் அக்கா குப்பம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

ரோசம்மாளுக்குத் தெரியும். அது அவர் பாட்டே இல்லை. மதராஸ் பாடகர் குழு ஒன்று அவர் பாட்டையும் வேறு யாரோ ஒருவர் பாட்டையும் ஒரே தட்டில், பக்கத்துக்கு ஒன்றாகப் பதித்தது. இசைத்தட்டுக் கம்பெனியில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். இரண்டு லேபிளிலும் தலைப்பு 'கிறிஸ்தவ கீதம்' என்றே இருந்ததால், எழுதியவர் பெயர் இடம் மாறியது யாருக்கும் தெரியாமல் போயிற்று. யேசுதாஸ் எழுதியது, அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகைக்குக் கைதட்டிப் பாடும் பாட்டு. சொன்னால் யார் நம்பினார்கள்! தன்னடக்கம் தன்னடக்கம் என்று ஊரே மெச்சியது. அப்புறம் அவர் சொல்வதையே விட்டுவிட்டார். பெண்டாட்டியிடம் மட்டும் தட்டை வெயிலில் சாய்த்துக் காட்டுவார்.

அவள் எழுந்து போனாள்.

"நிறுத்து வரதா. லேபிள்ல சின்னதா ஒரு நம்பரு கீதே, அதைப் படி. இப்போ பாட்டு முடியற எடத்துல, தட்டு மேலயே கீறி வச்சிக்கிறான் பாரு. ரெண்டும் ஒண்ணா?"

வரதன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது! அந்தப் பக்கத்து நம்பரு இங்க கீது."

"பாட்டு பதியறப்பவே கீறுன நம்பரு அது. லேபிளு அப்புறமா வந்ததுதான? அவரு பாட்டு அந்தப் பக்கம். திருப்பிப் போடு."

"ஐயோ, அது துள்ளிக்கினு போற பாட்டுக்கா. சாவு ஊட்ல போட்டா என்னை ஒதைப்பாங்க."

"புத்தி கலங்கிடுச்சாடி உனக்கு?" குப்பம்மாள் சீறினாள். "எந்தம்பி இன்னா கல்யாணத்துக்கா போறான்?"

"யாரோ எய்துன பாட்டு வேணாம் அண்ணி. இன்னிக்காவது அவரு பாட்டு அவரு பேருல போவட்டும்."

குப்பம்மாள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"போட்றா" என்றாள் வரதனிடம். "இன்னா வாயப் பாத்துக்கினு நிக்கிற? இது எந்தம்பி பாட்டுன்னு மைக்ல சொல்லிட்டுப் போடு."

வரதன் சொன்னான். கூட்டம் முணுமுணுத்தது. பாட்டு கிளம்பியது.

பெட்டியைத் தூக்கினார்கள். தெரு திரும்புவதற்குள் தூக்கியவர்களின் கால்கள் பாட்டோடு சேர்ந்துகொண்டன. முன்னால் பிடித்திருந்தவர் சட்டென்று உணர்ந்து, கூச்சப்பட்டு, நடையைத் தளர்த்தப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் விடவில்லை.