சிப்பமும் கொக்கியும்

பார்சல் ஆபீஸில் எல்லோரும் அவளை ரசீதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிற சாமானைப் பார்த்து, அது என்ன என்று ஒரே சொல்லில் ரசீதில் எழுதுவது அவள் வேலை. பின்னால் ஷெட்டில் இருக்கும் லோடுமேன்கள் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். மூட்டை என்றால் தோளிலிருந்து அப்படியே சரித்துப் போடலாம். பெட்டி என்றால் நிமிர்த்தி வைக்க வேண்டும். பொதி என்றால் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். சரக்கு என்று மட்டும் அவள் எழுதவே மாட்டாள். "எல்லாமே சரக்குதான். அது, ஆள்னு மட்டும் எழுதிக் கொடுத்து ஒருத்தரைத் தேடச் சொல்ற மாதிரி" என்பாள்.

டீச்சர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வேலையை விட்டு வந்தவள் என்பதால் அந்தப் பெயர். கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்கும் முறை வந்தபோது, எந்தச் சாமானுக்கு எந்தச் சொல் என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. முதலாளி நேராக டீச்சரின் மேசைக்குப் போனார்.

"நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க டீச்சர். உங்ககிட்டதான் சரக்கு இருக்கு."

ரசீதக்காவின் மேசை மூன்றடி தள்ளித்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். "விடு, உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் அவர். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரின்னு நீதானே முதல்ல சொன்னே?"

சொன்னது உண்மைதான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

டீச்சர் அகராதியைப் புரட்டி, அச்சு மாதிரியான கையெழுத்தில் இருபத்தாறு சொற்களை எழுதினாள். முதலாளியிடம் கொடுப்பதற்கு முன் ரசீதக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒரு தடவை பாத்துடுங்களேன். தப்பு இருந்தா சொல்லுங்க."

ஒரே ஒரு தப்பு இருந்தது. 'சிப்பம்: துணி சுற்றிய சிறிய கட்டு.' வெளியில் அது சரியாக இருக்கலாம். அந்த ஷெட்டில் சிப்பம் என்றால் பழைய காகிதம், சணல் மாதிரி அழுத்தி இறுக்கிக் கட்டியது. லோடுமேன்கள் யோசிக்காமல் கொக்கி போட்டு இழுப்பது அதை மட்டும்தான்.

ரசீதக்கா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பட்டியல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் நாள் ஒரு தையல்காரம்மா வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சீருடைகளைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். டீச்சர் பட்டியலைப் பார்த்துச் 'சிப்பம்' என்று அடித்தாள். சீட்டு வெளியே வந்ததை ரசீதக்கா பார்த்தாள். துணிதானே, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

நாலு நாளில் தையல்காரம்மா அதே விரிப்போடு திரும்பி வந்தாள். கவுண்டரில் பிரித்துப் போட்டாள். பதினொரு சட்டைகளில், சட்டைப்பை இருக்கும் இடத்தில், கொக்கி துளைத்த ஓட்டை. அதற்குள் விரலை விட்டுக் காட்டினாள்.

"ஆறு வாரம் நானும் என் நாத்தனாரும் உக்காந்து தைச்சது. என்ன செஞ்சீங்க இதை?"

முதலாளி ஷெட்டிலிருந்து மேஸ்திரியை வரவழைத்தார். மேஸ்திரி சீட்டைக் காட்டினார். "சிப்பம்னு போட்டிருக்கு. சிப்பம்னா கொக்கிதான். ரசீதக்காவுக்குத் தெரியுமே."

முதலாளி டீச்சர் பக்கம் திரும்பினார். "பட்டியலை யார்கிட்டயும் காட்டலையா?"

டீச்சர் ஒரே ஒரு தடவை ரசீதக்காவைப் பார்த்தாள். "இல்ல சார். நான் ஷெட்டுல போய்க் கேட்டிருக்கணும். என் தப்புதான்."

தப்பித்தோம் என்று ரசீதக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாட்டிக்கொண்ட இடத்திலும் டீச்சர்தான் பெரிய மனுஷி ஆகிறாளே, அந்த நல்ல பெயரும் அவளுக்கே போகிறதே என்றுதான் பொறுக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தது, நியாயத்துக்காக இல்லை என்று பின்னால் கணவரிடம் ஒப்புக்கொண்டாள்.

"என்கிட்ட காட்டினாங்க" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன். சீட்டு அடிச்சப்பவும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன்?"

"பட்டியல் போட என்னைக் கேக்கலையே நீங்க."

வாய்விட்டுச் சொன்னபோது அது சின்னப் பிள்ளை பேச்சு மாதிரி இருந்தது. அதற்குத் தையல்காரம்மாதான் பதில் சொன்னாள்: "உங்க போட்டிக்கு என் துணிதானா கிடைச்சுது?"

புதுத் துணி ஆபீஸ் வாங்கிக் கொடுத்தது. ரசீதக்கா இரண்டு நாள் லீவு போட்டுத் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனாள். "பொத்தான் வைக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள் அவள். தெரியும். பதினொரு சட்டைக்கும் வைத்தாள். ஆபீஸிலிருந்து சீருடைகள் மறுபடி கிளம்பியபோது சீட்டில் 'பொதி' என்று இருந்தது.

பட்டியலை இரண்டு பேருமாக உட்கார்ந்து திருத்தச் சொல்லிவிட்டார் முதலாளி. டீச்சர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள், அவ்வளவுதான்.

"கட்டு?"

"நீளமா இருக்கும். ரெண்டு முனையையும் ரெண்டு பேர் பிடிக்கணும்."

"சுமையும் பாரமும் ஒண்ணுதானே?"

"இல்ல. சுமைன்னா ஆள் தூக்கறது. பாரம்னா வண்டி தாங்கறது."

டீச்சரின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினாள்.

"பண்டம்?"

பத்தொன்பது வருஷத்தில் ரசீதக்கா அந்தச் சொல்லை ஒரு தடவைகூட எழுதியதில்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னாள். "விக்கறதுக்குப் போனா பண்டம். புழங்கறதுக்குப் போனா சாமான்."

நன்றாக இருந்தது. தனக்குத் தோன்றவில்லையே என்று உள்ளே சுருக்கென்று குத்தியது.

"சரியா இருக்கு" என்றாள் ரசீதக்கா. "அப்படியே எழுதிக்குங்க."