உள்ளே இருக்கிறவள்

மழையில் பாத்திகள் மூழ்கி உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. அதனால்தான் பாஸ்கலால் மனைவி பவுலினைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு லாரி அவர்கள் பைக்கைத் தட்டிவிட்டுப் போனது. அவனுக்குக் கை முறிந்தது. அவளுக்குத் தலையில் அடி. கண் திறப்பாள், மூடுவாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

டாக்டர் பூவிழி மூளை ஆராய்ச்சி செய்கிறவர். பவுலினை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, "உப்பளத்துல நடக்கிற மாதிரி நெனைங்க" என்று அவள் காதில் கேட்கும்படி மைக்கில் சொன்னார். பிறகு, "சும்மா இருங்க" என்றார். இப்படியே மாற்றி மாற்றிப் பல தடவை.

வெளியே வந்து பாஸ்கலிடம் சொன்னார்: "நடக்கிறத நெனச்சா நம்ம மூளையில எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் அவங்களுக்கும் வேலை செஞ்சுது. சும்மா இருக்கச் சொன்னா அடங்கிடுச்சு. நாம பேசுறது அவங்களுக்குப் புரியுது."

பாஸ்கல் கேட்டான்:

"அப்ப வலி தெரியுமாங்க? உள்ள என்ன நெனைக்கிறா?"

"அத மெஷின் காட்டாது. மூளைக்குள்ள நடக்கிறது எப்படி ஒருத்தருக்கு வலியா, துக்கமா ஆகுதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியல."

அவனுக்குப் போன மாதம் ஞாபகம் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்த மச்சினன் மார்ட்டின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படிக் கெடக்குறதுக்கு ஆண்டவர் அக்காவ எடுத்துக்கிட்டா தேவல மாமா" என்றான். "நானும் அதத்தான் கேட்டுக்கிறேன்" என்று பாஸ்கல் சொன்னான். அப்போது அவள் கண் திறந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்தான். "அலுத்துப்போய் சொல்லிட்டேன் பவுலின். மனசுல வெச்சுக்காத." அவள் பார்வை கூரையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு மார்ட்டின் வந்தால் இருவரும் தெருவில் நின்றுதான் பேசினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை எதுவும் தெரியவில்லை.

"போயிட்டாளாங்க?"

"சொல்ல முடியல. தூங்கியிருக்கலாம். மெஷின்ல தெரியலன்னா இல்லன்னு ஆகாது."

"அவளுக்கே நெனைக்க இஷ்டமில்லாம இருந்திருந்தா?"

டாக்டர் அவனைப் பார்த்தார். "அப்பவும் இப்படித்தான் இருக்கும்."

உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு இன்னாசிமேரி வரும்வரை, அவன் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டே எந்தப் பாத்தியில் வேலை, யார் யார் வந்தார்கள் என்று சொல்வான். சில நாள் பாதியிலேயே நிறுத்திவிடுவான், தன் பேச்சு அவளுக்கு ஆறுதலா ரணமா என்று தெரியாமல்.